கமோடிலிருந்து எழ எதைப் பிடிப்பது? சுவர்க் கைப்பிடி, சக்ஷன் கைப்பிடி, சட்டம், உயர்த்தி: ஓர் ஒப்பீடு

கமோடில் உட்கார்ந்து எழ வீட்டுப் பெரியவர் சிரமப்படுகிறார் என்றதும் எல்லோரும் தேடுவது ஏதாவது ஒரு கைப்பிடியை. கிடைப்பவை நாலைந்து வகை. பார்வைக்கு எல்லாம் ஒரே வேலையைச் செய்வதுபோல் இருக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் உடல் எடையை வெவ்வேறு இடத்தில் இறக்குகிறது. ஒன்று சுவரில், ஒன்று தரையில், ஒன்று கமோடின் மேலேயே. எனவே வாங்கும் முன் அவரை ஆடையோடு கமோடில் உட்காரவைத்து, எழும்போது கை என்ன செய்கிறது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். தொடையையோ இருக்கையின் விளிம்பையோ அழுத்தி எழுகிறாரா? எதிரே இருக்கும் கதவையோ வாஷ்பேசினையோ பற்றி இழுத்து எழுகிறாரா? அல்லது எழுந்துவிட்ட பிறகுதான் தடுமாறுகிறாரா? எதை வாங்குவது என்பது இதைப் பொறுத்தது.

சுவரில் திருகும் கைப்பிடி

சரியாகப் பொருத்தினால் இதற்கு இணை இல்லை. பிரச்சினை எல்லாம் அந்த ‘சரியாக’வில்தான்.

அழுத்தி எழுபவருக்குக் கிடைமட்டக் கம்பி. தரையிலிருந்து 80 முதல் 90 செ.மீ. உயரம் என்பது பொதுக் கழிப்பறைகளுக்கான அளவு. குள்ளமானவருக்கு அது தோளைத் தூக்கிவிடும். உட்கார்ந்த நிலையில் முழங்கை லேசாக மடங்கியபடி உள்ளங்கை எங்கே பதிகிறதோ, அங்கே பென்சிலால் குறித்துக்கொள்வதே வீட்டுக்குப் பொருத்தம். இழுத்து எழுபவருக்கும் எழுந்தபின் தடுமாறுபவருக்கும் செங்குத்துக் கம்பி, கமோடின் முன்விளிம்பைவிடச் சற்று முன்னால். சாய்வாகப் பொருத்துவது அழகாகத் தெரியும், ஆனால் ஈரக் கை அதில் வழுக்கி இறங்கும். பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவருக்குக் கம்பி நல்ல கையின் பக்கம்தான் வர வேண்டும். கம்பியின் விட்டம் 32 முதல் 38 மி.மீ.; சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி சுமார் 4 செ.மீ. இடைவெளி இதைவிட மிகவும் கூடினால், கை வழுக்கும்போது முன்கை உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும்.

கம்பி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதற்கு அடிக்கடி காரணமாவது ஸ்க்ரூவின் நீளம். டைல்ஸ் 8 மி.மீ., அதன் பின்னால் பூச்சு 15 முதல் 20 மி.மீ. பெட்டியில் வரும் 50 மி.மீ. ஸ்க்ரூவில் செங்கல்லுக்குள் போவது 20 மி.மீ. சொச்சம்தான். 70 மி.மீ.க்குக் குறையாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள். டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை அணைத்து, டைல்ஸுக்கான பிட்டால் மெதுவாகத் துளையிட வேண்டும். வால் பிளக்கை (ஸ்க்ரூ இறுகுவதற்காகத் துளைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் உறை) டைல்ஸுக்கும் உள்ளே தள்ளிச் சுவரில் உட்காரவைக்க வேண்டும். அது டைல்ஸின் தடிப்புக்குள் விரிந்தால் டைல்ஸ் விரிசல் விடும். உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளக் பிடிக்காது, வலைக்குழாயோடு கூடிய கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை செலுத்தி இறுகவைப்பது) தேவை. ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பின்னால் மரச் சட்டம் இருக்கும் இடத்தில் மட்டுமே திருகலாம். கம்பியைச் சுவரோடு இணைக்கும் தகட்டைச் சுற்றிலும் சிலிக்கான் பூசி ஒரு நாள் காயவிட்டு, திடமான ஒருவர் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்த பிறகே பெரியவர் கையில் விடலாம். டவல் கம்பி இந்தக் கணக்கிலேயே வராது. ஆனால் தடுமாறும் கை முதலில் அதைத்தான் பிடிக்கும். அதைக் கழற்றி வேறிடத்தில் மாட்டுவதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

பக்கச் சுவர் கமோடின் நடுக்கோட்டிலிருந்து 45 செ.மீ.க்கு மேல் தள்ளியிருந்தால் சாதாரணக் கம்பியை எட்டிப் பிடிப்பதே விழக் காரணமாகும். அப்போது பின்சுவரில் மாட்டும் மடக்குக் கம்பி வேண்டும். இதை யாரும் எளிதாக எண்ண வேண்டாம். 70 செ.மீ. நீளக் கம்பியின் நுனியில் 100 கிலோ இறங்கினால், 20 செ.மீ. உயரத் தகட்டின் மேல் ஸ்க்ரூக்களைப் பிடுங்கும் விசை சுமார் 350 கிலோ. கான்கிரீட்டோ கெட்டியான செங்கல் சுவரோ இல்லாத இடத்தில் இது வேண்டவே வேண்டாம்.

சக்ஷன் கைப்பிடி

காற்றை வெளியேற்றிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப் கொண்டது. துளை வேண்டாம், ஒரு நிமிட வேலை, அதனால்தான் அதிகம் விற்கிறது. 10 செ.மீ. விட்டமுள்ள கப்பில் காற்று முழுவதும் வெளியேறிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், நேராக இழுக்கும்போது தாங்குவது ஏட்டளவில் சுமார் 80 கிலோ. நடைமுறையில் காற்று அப்படி முழுதாக வெளியேறாது, யாரும் நேராக இழுப்பதும் இல்லை. சாய்த்து இழுக்கும்போது கப்பின் ஓரம் உரிந்து வருகிறது. கப்பின் ஓரம் டைல்ஸ் இணைப்புக் கோட்டில் பட்டாலோ, சொரசொரப்பான டைல்ஸ் ஆனாலோ, காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காலையில் இறுக்கமாக இருந்தது மாலையில் கழன்று வருவது இதனால்தான். இறுக்கமா தளர்வா என்று பச்சை, சிவப்பு அடையாளம் காட்டும் வகை கொஞ்சம் மேல். ஆனால் எழ முயலும் அவசரத்தில் அதைப் பார்ப்பவர் யார்? நின்ற நிலையில் விரல் வைத்து நிதானித்துக்கொள்ள, வெளியூரில் சில நாள் தங்க, ஒவ்வொரு முறையும் வேறொருவர் அழுத்திப் பார்த்துக் கொடுக்க முடிந்தால் சரி. எழுவதற்கு இது கூடாது.

கமோடைச் சுற்றும் சட்டம்

கமோடின் இருபுறமும் கைப்பிடியோடு நாலு காலில் நிற்பது இது. இரு கையாலும் அழுத்தி எழுபவருக்கு, சுவரைத் தொட முடியாத வாடகை வீட்டில், என் முதல் தேர்வு இதுதான். எடை நேராகத் தரைக்கு இறங்குகிறது. இதிலும் இரண்டு வகை: சும்மா நிற்பது, இருக்கையின் போல்ட்டோடு பிணைப்பது. சும்மா நிற்பதில் ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் எதிர்ப்பக்கக் கால்கள் தூக்கும். ஒரு கை மட்டும் பலமாக உள்ளவருக்கு அது ஆகாது. பிணைத்த வகை பரவாயில்லை, ஆனால் போல்ட் தளர்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. குளியலறைத் தரை நீர் வடியச் சரிவாக இருக்கும். கால்களின் உயரத்தை மாற்றும் பொத்தான் துளைகளோ ஏறக்குறைய 2.5 செ.மீ. இடைவெளியில். நாலு காலும் ஒரே துளையில் நின்றால் சட்டம் ஆடும்; ஒரு துளை மாற்றினால் மறுபக்கம் ஆடும். திருகிச் சரிசெய்யும் அடிப்பாகம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. அடியிலுள்ள ரப்பரின் வரிகள் மழுங்கிவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

உயர்த்தும் இருக்கை

5, 10, 15 செ.மீ. எனப் பல உயரங்களில் வருகிறது. முழங்கால், இடுப்பு மூட்டு வலியுள்ளவருக்கு உயரமே பாதி உதவி. ஆனால் உயரம் கூடக்கூட நல்லது என்பது தவறு. உட்கார்ந்தபின் இரு பாதமும் தட்டையாகத் தரையில் படிய வேண்டும். குதிகால் தூக்கினால் எழும்போது முன்னால் சரிவார். மலம் கழிக்க முக்கவும் வசதியிருக்காது. முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்து, இப்போதைய இருக்கையின் உயரத்தைக் கழித்தால் எவ்வளவு தேவை என்று தெரிந்துவிடும்.

கமோடின் மேல் சும்மா வைக்கும் வகையை வாங்காதீர்கள். சற்றே ஓரமாக உட்கார்ந்தாலும் நழுவும். இறுக்கும் பிடி வேண்டும், அதுவும் கமோடின் வடிவத்துக்கு (வட்டமா, நீள்வட்டமா) ஏற்றதாக. கைப்பிடி சேர்ந்தே வரும் வகையில் எடை கமோடின் விளிம்பில்தான் இறங்குகிறது, தரையில் அல்ல. கனமானவருக்கு அதைவிடச் சட்டம் மேல்.

உயரமும் கைப்பிடியும் இரண்டும் வேண்டுமென்றால், பாத்திரத்தைக் கழற்றிக் கமோடின் மேல் நிறுத்தும் கமோட் நாற்காலியையும் பார்க்கலாம். இரவில் பாத்திரத்தோடு கட்டிலருகே வைக்கலாம். சக்கரம் இல்லாததாக எடுங்கள். சக்கரத்தின் பூட்டை நம்பி எழுவது ஆபத்து. சிதறலைத் தடுக்கும் வளையம் கூடவே வருகிறதா என்றும் பாருங்கள்.

அதே கழிப்பறையை உயரம் குறைந்த இன்னொருவரும் பயன்படுத்தினால், உயர்த்தியை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது நடக்காது. நாள் முழுக்கப் பாதி இறுகிய நிலையில் கிடக்கும். அந்த வீட்டுக்குச் சுவர்க் கைப்பிடி அல்லது மொத்தமாகத் தூக்கி ஓரம் வைக்கக்கூடிய கமோட் நாற்காலி.