வின்ச்சா, ஏரோடோவா? கிளைடர் கற்க எது நல்லது

இன்ஜின் இல்லாத விமானமான கிளைடரை ஓட்டக் கற்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் எந்தக் கிளைடர் நல்லது என்றுதான். அந்தக் கவலை வேண்டாம். ஏஎஸ்கே 21 மாதிரி இரண்டு இருக்கைப் பயிற்சிக் கிளைடர் எது கிடைத்தாலும் போதும். யோசிக்க வேண்டியது, அதை மேலே எப்படி ஏற்றுகிறார்கள் என்பது. ஓடுபாதையின் மறுமுனையில் நிற்கும் வின்ச், கேபிளை வேகமாகச் சுருட்டி கிளைடரை ஏற்றுவது ஒரு வழி. இன்ஜின் வைத்த விமானம் கயிறு கட்டி இழுத்துப் போவது இன்னொன்று, அதுதான் ஏரோடோ. ஜெர்மனியில் வின்ச் பரவலாக உண்டு, அமெரிக்காவில் பெரும்பாலும் ஏரோடோ. இரண்டும் இருக்கும் இடத்தில் சேர்ந்த நான் வின்ச்சில் கற்றேன். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். செலவில் வின்ச் மலிவு, அதில் போட்டியே இல்லை. உயரத்தில் ஏரோடோதான். ஒரு கிலோமீட்டர் கேபிள் இருந்தால் வின்ச் 350, 400 மீட்டர் வரை ஏற்றிவிடும். ஏரோடோவில் 600 மீட்டர் சர்வசாதாரணம். தெர்மல், அதாவது மேலெழும் வெப்பக் காற்று, இல்லாத காலை வேளையில் வின்ச்சில் ஏறினால் 5, 6 நிமிடத்தில் தரைக்கு வந்துவிடுவோம். ஏரோடோவில் 10 நிமிடமாவது கிடைக்கும்.

இந்த நிமிடக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் ஏரோடோ பக்கம் சாய்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. முதல் பாடங்களில் கையும் காலும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும். முன்கண்ணாடியில் ஒட்டிய சிறு கம்பளி நூலின் வால் இடப்பக்கம் ஒதுங்கினால் வலது ரட்டரை (வால் சுக்கானைத் திருப்பும் மிதியை) மிதிக்க வேண்டும். அதை யோசிக்காமல் செய்யும் அளவுக்குத் திரும்பித் திரும்பிப் பழக நேரம் வேண்டும். வின்ச் பயணத்தில் கேபிளை விட்டதும் இரண்டு மூன்று திருப்பம், அதற்குள் இறங்கும் சுற்றுக்குப் போக வேண்டிய உயரம் வந்துவிடும். ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது), ஸ்பின் (அப்படி இழந்து சுழன்றுகொண்டே விழுவது) பாடங்களுக்கு இந்த உயரம் பெரும்பாலும் போதாது. அவற்றை ஏரோடோவில் எடுத்துக்கொள்வதுதான் சரி.

அப்படியிருந்தும் வின்ச் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான்: தரையிறக்கம். கிளைடரில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இறங்க வரும் விதம் சரியில்லை என்று இன்ஜின் வேகத்தைக் கூட்டி மறுபடி சுற்றி வர முடியாது. ஒவ்வொரு முறையும் அந்த ஒரே முறையில் இறங்கியாக வேண்டும். அந்தக் கணிப்பு கண்ணில் படிவது திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டுமே.

கடைசி நேரான பாதையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏர்பிரேக்கை (இறக்கையிலிருந்து எழுந்து இறக்கத்தைக் கூட்டும் தகட்டை) பாதி திறந்து, வேகத்தை மாறாமல் வைத்துக்கொண்டு, ஓடுபாதையில் ஓர் இடத்தைக் குறி வைக்கிறோம். அந்த இடம் கண்ணாடியில் மெல்ல மேலே ஏறினால் அதுவரை போய்ச் சேர மாட்டோம், ஏர்பிரேக்கைக் குறைக்க வேண்டும். கீழே நழுவினால் தாண்டிப் போகப் போகிறோம், இன்னும் திறக்க வேண்டும். அசையாமல் நின்றால் சரி. படிக்க இரண்டு வரிதான். ஆனால் எதிர்க்காற்று கூடிய நாளில் அதே குறி வேறு மாதிரி நகரும். வெயில் ஏறிய ஓடுபாதையின் மேல் காற்று தூக்கும், பக்கத்து வயலின் மேல் அமுக்கும். இத்தனையும் பார்த்துப் பழக இறக்கங்கள் வேண்டும். ஒரு ஏரோடோ காசில் பல முறை வின்ச்சில் ஏறலாம்; ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஓர் இறக்கம் நிச்சயம். காலையில் செய்த பிழை கண்ணில் நிற்கும்போதே அடுத்த இறக்கம் வந்துவிடும். பயிற்றுநர் சொன்னதும் மறந்திருக்காது.

அப்புறம் கேபிள் அறுந்து போகும் பாடம். ஏற்றத்தில் மூக்கு செங்குத்தாக நிற்பது போலத் தோன்றும் நேரத்தில் இழுவை சட்டென்று நிற்கும். பயிற்றுநரே வேண்டுமென்று கேபிளை விடுவிப்பார். உடனே மூக்கை நன்றாகக் கீழே தள்ள வேண்டும். பிறகு வருவதுதான் கடினம்: காத்திருக்க வேண்டும். மூக்கு இறங்கிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும், வேகமோ இன்னும் வந்திருக்காது. தரையிறங்க வரும்போது வைத்திருக்க வேண்டிய வேகத்தை வேகமானி காட்டும் வரை திரும்பவும் கூடாது, ஏர்பிரேக்கைத் தொடவும் கூடாது. முன்னால் இடம் இருந்தால் நேராக இறங்கிவிட வேண்டும். வேகத்தைப் பார்த்த பிறகே எதையும் செய்யும் பழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது. ஏரோடோவிலும் கயிறு அறுவதற்குப் பயிற்சி உண்டு. ஆனால் மூக்கு இவ்வளவு உயர்ந்திருக்காது என்பதால் இந்தக் காத்திருப்பு இத்தனை அழுத்தமாகப் பதியாது.

ஏரோடோவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இழுவை விமானத்தின் பின்னால் சரியான இடத்தில் நிற்பதே தனிக் கலை. கிளைடர் அளவுக்கு மீறி மேலே போனால் முன்னால் போகும் விமானத்தின் வாலைத் தூக்கி அதன் மூக்கைக் கீழே தள்ளிவிடும். தாழ்வான உயரத்தில் அந்த விமானிக்கு உயிராபத்து. அதனால் புதியவரின் கையில் ஸ்டிக்கைக் கொடுத்தாலும் பயிற்றுநர் எப்போதும் பிடிக்கத் தயாராகவே இருப்பார். ஆரம்பத்தில் அந்த நிமிடங்களில் பாதி வேடிக்கை பார்ப்பதில் போகும். நான் ஏரோடோவில் பறந்தது குறைவு. முதல் வாரத்திலிருந்தே அதில் பழகியவருக்கு அந்தப் பின்தொடரல் எவ்வளவு சீக்கிரம் கைவரும் என்று என் அனுபவத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

வின்ச்சின் குறை காத்திருப்பு. வின்ச் ஓட்ட ஒருவர், இறக்கையைப் பிடிக்க ஒருவர், கேபிளை இழுத்து வர ஒருவர், சிக்னல் கொடுக்க ஒருவர் வேண்டும். மாணவரும் இந்த வேலைகளைச் செய்துதான் ஆக வேண்டும். நாள் முழுக்க வெயிலில் நின்று மூன்று முறை மட்டும் ஏறும் இடம் என்றால் நான் சொன்ன கணக்கே தலைகீழாகிவிடும். வாரக் கடைசியில் அரை நாள் மட்டுமே ஒதுக்க முடிகிறவர் ஏரோடோவுக்குப் போகலாம், தப்பில்லை.

எனவே சேர்வதற்கு முன் நேரில் போய் ஒரு நாள் நில்லுங்கள். வின்ச்சில் கேபிள் சுருளும் டிரம் ஒன்றா, இரண்டா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் ஒரே கேபிள் இழுவையில் அடுத்தடுத்து இரண்டு கிளைடர் ஏறும். மாணவர் ஒருவருக்கு ஒரு நாளில் சராசரியாக எத்தனை ஏற்றம் கிடைக்கிறது என்று பயிற்றுநரிடம் கேட்பதைவிட, வரிசையில் நிற்கும் மாணவர்களிடம் கேளுங்கள்.