"பிளீச் இல்லாத வெண்மைப் பொடி" வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

"பிளீச் இல்லை, கெமிக்கல் இல்லை, ஒரே அலசலில் பளிச்" என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் ஒரு வெண்மைப் பொடி வாங்கி ஏமாந்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. லேபிளை மாற்றிக்கொண்டு வர எவ்வளவு நேரமாகும்? எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

முதல் துவையலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகள் வெயிலில் கண்ணைப் பறித்தன. உள்ளே எடுத்துவந்து எல்.ஈ.டி. விளக்கின் கீழே மடிக்கும்போதுதான் காலரிலும் அக்குளிலும் இருந்த மஞ்சள் அப்படியே இருப்பது தெரிந்தது. ஜன்னலோரம் போனால் வெள்ளை, உள்ளே வந்தால் பழைய நிறம்!

காரணம், அதில் இருந்தது ஆப்டிகல் பிரைட்னர். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி, நீல ஒளியாக வெளியே விடும். நீலம் சேர்ந்தால் மஞ்சள் அமுங்கிப்போகும்; கறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். எல்.ஈ.டி. விளக்கில் புற ஊதா மிகக் குறைவு, அங்கே வேஷம் கலைந்துவிடுகிறது. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கைப் பொடியின் மேல் அடித்தேன், நீலமாக ஜொலித்தது. (சாதாரண சலவைத்தூள் பலவற்றிலும் இது உண்டு. ஆனால் அதில் அழுக்கை எடுக்கும் பொருளும் கூடவே இருக்கும்.) விளம்பர வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், துவைத்த பிறகு காட்டும் துணி முழுக்க வெட்டவெளியில் எடுத்தது.

"கறையின் மேல் நேரடியாகத் தூவித் தேய்க்கவும்" என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. அப்படித் தேய்த்த தந்த நிறச் சட்டையில் நீலம் பாய்ந்த திட்டுகள் விழுந்தன. துவைத்துத் துவைத்துப் பார்த்தும் போகவில்லை.

புகார் செய்தேன். முதலில் "வெந்நீரில் ஊறவையுங்கள்" என்றார்கள், அப்புறம் "இரண்டு மடங்கு போடுங்கள்", கடைசியில் "வினிகர் சேருங்கள்". பொடியில் சலவைச் சோடா இருப்பதாகச் சொன்னதும் அவர்களேதான். சோடாவில் வினிகரை ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், நுரைதான் மிச்சம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பிரித்த பாக்கெட்டுக்குக் கிடையாது." பிரிக்காமல் எப்படிங்க துவைப்பது?

குளோரின் வேண்டாம் என்றால் சோடியம் பெர்கார்பனேட் வாங்குங்கள். அதுவும் ஒரு பிளீச்தான், ஆனால் ஆக்சிஜன் பிளீச். தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். பச்சைத்தண்ணீரில் மந்தம், 40 முதல் 60 டிகிரி சூட்டில் சில மணி நேரம் ஊறினால் பலன் தெரியும். பட்டு, கம்பளிக்கு ஆகாது. கரைத்த நீரை பாட்டிலில் மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கலாம்.

எந்த பிளீச்சும் வேண்டாமா? உப்புத்தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகப் படிவதால்தான் பல வெள்ளைத் துணிகள் சாம்பல் பூக்கின்றன. சோப்பைக் குறைத்து, கூட ஒரு முறை அலசி, கடைசி அலசலில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் போடுங்கள். குளோரின் பிளீச்சோடு மட்டும் அமிலத்தைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

வாங்குமுன் விற்பவரிடம் இரண்டு கேளுங்கள்: உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியல், துவைத்த துணியை வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம். முதலாவதுக்கு எனக்குக் கிடைத்த பதில் "இயற்கைத் தாதுக்கள்". இரண்டாவதைக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்கள்.