தேவகோட்டைப் பக்கத்து வீட்டில் சிம் கார்டில் ஓடும் கேமரா

எங்கள் ஊர் தேவகோட்டைக்குப் பக்கத்தில். வீட்டுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. அம்மா தனியாக இருக்கிறார், நான் டொரண்டோவில். இந்த விடுமுறைக்குப் போகும்போதே முடிவு செய்திருந்தேன்: வாசலுக்கும் கொல்லைக்கும் கேமரா மாட்டி, கனடாவிலிருந்து பார்க்கும்படி செய்துவிட்டுத்தான் திரும்புவது. செல்போன் நெட்டில் இதெல்லாம் ஓடாது என்று பலரும் சொன்னார்கள். நன்றாகவே ஓடுகிறது. அதற்குச் சில விஷயங்களைச் சரியாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சிம் வாங்கும் முன் வீட்டில் இருந்த வெவ்வேறு கம்பெனி போன்களை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய், இரவு எட்டு மணி வாக்கில் வேகம் பார்த்தோம். ஊரே போனில் படம் பார்க்கும் நேரம் அது. படம் பார்ப்பவருக்கு டவுன்லோடு வேகம் போதும், கேமராவுக்கு வேண்டியது அப்லோடு. டவுன்லோடில் முந்திய கம்பெனி அப்லோடில் பின்தங்கியிருந்தது. அப்லோடில் நின்றதையே அம்மாவின் ஆதாரில் வாங்கினோம். சிம் போடும் 4ஜி ரவுட்டரை டவர் இருக்கும் பக்கம், மாடி ஜன்னலோரம் வைத்து, அங்கிருந்து ஒயர் இழுத்து டிவிஆரில் (கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி) சேர்த்தாயிற்று.

டவுனில் முதலில் கேட்ட கடைக்காரர், "பப்ளிக் ஐபி வாங்கி போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும்" என்றார். அதாவது நம் இணைப்புக்கென்றே ஒரு பொது முகவரி வாங்கி, வெளியிலிருந்து நேரே டிவிஆருக்குள் வர வழி திறப்பது. சாதாரண செல்போன் சிம்மில் அது நடக்காது. ஐபிவி4 என்னும் இணைய முகவரி எண்கள் பற்றாமல், செல்போன் கம்பெனிகள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. ரவுட்டரின் திரையில் இணைய முகவரி 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ உங்கள் நிலையும் அதுதான். வெளியிலிருந்து யாரும் நேரே உள்ளே வர முடியாது, உள்ளேயிருந்து வெளியே போகலாம். பி2பி முறை இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. டிவிஆர் தானாகவே அதைத் தயாரித்த கம்பெனியின் சர்வருக்குப் போய்க் காத்திருக்கும். நாம் ஆப்பில் அதன் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் இரண்டும் சேர்ந்துவிடும். போர்ட் திறக்க முடிந்தாலும் நான் திறக்க மாட்டேன். 2016இல் மிராய் என்ற தீநிரல், கடையில் வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் முழுக்கப் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது.

கேமரா மாட்ட வந்த தம்பி வேலையில் கெட்டிக்காரர். ஒயரைச் சுவரோடு ஒட்டி அழகாகக் கொண்டுபோனார். மழைத்தண்ணீர் கனெக்டருக்குள் இறங்காதபடி ஒவ்வொன்றையும் சின்னப் பெட்டிக்குள் அடக்கினார். கடைசியில் தன் போனை எடுத்து, "அண்ணே, என் அக்கவுண்ட்ல ஏத்திட்டு உங்களுக்கு ஷேர் பண்ணிடறேன். எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் செய்யறோம். எதுன்னாலும் நானே பாத்துச் சரிபண்ணிடுவேன்" என்றார்.

இந்த இடத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அப்படிச் செய்தால் கேமராக்களின் உரிமை அவர் போனில் இருக்கும், நாம் விருந்தாளி. வயதான ஒரு பெண் எப்போது கதவைத் திறக்கிறார், எப்போது கோயிலுக்குப் போகிறார், யார் வந்து போகிறார்கள் என்பதெல்லாம் வெளியாள் ஒருவர் கையில். அவர் போன் தொலைந்தாலோ, கடை மாறினாலோ நம்மிடம் சாவியே இல்லை. 2025இல் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் இணையத்தில் கசிந்தது நினைவிருக்கும். "வேணாம் தம்பி, என் ஈமெயில்லயே தொடங்குவோம்" என்றேன். சங்கடப்படவில்லை அவர். டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டையும் என்னையே அடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றார். பிறகு சித்தப்பாவுக்கு மட்டும் நான் ஷேர் செய்தேன். வீட்டுக்குள் கேமரா கிடையாது. அம்மா கேட்ட ஒரே விஷயம் அது, அதில் பேச்சுக்கே இடமில்லை.

இனி டேட்டா. ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் நாளுக்கு 10.8 ஜிபி. நான்கு கேமராவுக்கு 43 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி தரும் ப்ளானில் கிளவுடில் பதிவதை நினைத்தே பார்க்க முடியாது. அதனால் பதிவெல்லாம் வீட்டிலேயே, 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். ஏறக்குறைய மூன்று வாரம் நிற்கும், அப்புறம் பழையது அழிந்து புதியது ஏறும். நான் ஆப்பைத் திறக்கும் நேரம் மட்டும்தான் சிம் செலவாகிறது. அதிலும் சப் ஸ்ட்ரீமை, அதாவது போனில் பார்க்க அனுப்பும் தரம் குறைந்த படத்தை, 256 கேபிபிஎஸ்ஸில் வைத்திருக்கிறேன், ஒரு கேமராவை ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 115 எம்பி. முகம் தெரிய வேண்டுமென்றால் மட்டும் எச்டிக்கு மாற்றுவேன். அன்றைய டேட்டா தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அதில் படமே வராது.

கரண்ட் போனால் டிவிஆரும் கேமராக்களும் இன்வெர்ட்டரில் நிற்கின்றன. ரவுட்டருக்குத் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் போட்டோம். அது இல்லாவிட்டால் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில் ரவுட்டர் அணைந்து எழுந்து, டவரைப் பிடிக்க நேரமாகிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் எஸ்டிக்யூசி (மின்னணுப் பொருட்களைச் சோதிக்கும் மத்திய அரசு அமைப்பு) சான்று உள்ள மாடலா என்று கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம்.

மழைக்குப் பிறகு ஈசல் பறந்ததில் ஒரே இரவில் போன் ஓயாமல் அலறியது. சிலந்தி லென்ஸுக்கு முன்னால் வலை கட்டினாலும் இரவு வெளிச்சத்தில் அது பளபளத்து, யாரோ வந்ததாகவே கேமரா நினைக்கிறது. இப்போது மனிதர் நடமாட்டத்துக்கு மட்டும் எச்சரிக்கை வரும்படி மாற்றியிருக்கிறேன். கோடைக்காலத்தில் ஊரில் இரவு பத்து என்றால் இங்கே பகல் 12.30, சாப்பாட்டு இடைவேளையில் பார்த்துவிடுகிறேன். வலை தெரிந்தால் சித்தப்பாவுக்குச் சொன்னால் போதும், காலையில் ஒட்டடைக் கம்போடு வந்துவிடுகிறார். ரீசார்ஜும் அவர் பொறுப்பில்தான், 84 நாளுக்கு ஒருமுறை.