ஒரே டிவிடி, இரண்டு குரல்கள்

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மகோடோ ஷின்காய் தன் வீட்டுக் கணினியில் ஏறக்குறைய தனி ஆளாக உருவாக்கிய 25 நிமிடப் படம் ‘ஹோஷி நோ கோஎ’ (2002). வேற்றுக்கிரகத் தார்சியர்களோடு போரிடப் போகிறாள் பள்ளி மாணவி மிகாகோ. அவளுடைய குறுஞ்செய்திக்காகப் பூமியில் காத்திருக்கிறான் நோபோரு. டிவிடியில் ஜப்பானியக் குரல்பதிவே இரண்டு இருக்கிறது.

ஒன்றில் தொழில்முறைக் கலைஞர்கள். உச்சரிப்பு சுத்தம், உணர்ச்சியும் அளவாக. முதல் தடவை பார்க்க இது போதும்.

இன்னொன்றில் நோபோருவாகப் பேசுவது ஷின்காயேதான், மிகாகோவாக மிகா ஷினோஹாரா. பழகாத குரல்கள், சில இடங்களில் தட்டையாகக்கூட ஒலிக்கும். சரி, இருக்கட்டும். சிரியஸ் நட்சத்திரத்திலிருந்து பூமிக்குச் செய்தி வந்துசேர 8 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தும், செல்போனில் அவள் தட்டுகிறாளே, அங்கே அந்த நடிக்கத் தெரியாத குரல்தான் தொண்டையை அடைக்கிறது. நான் எப்போதும் இதைத்தான் போடுவேன்.