ஏஎம் பண்பிறக்கம்: டயோட்டா, சிங்க்ரனஸா, எஸ்எஸ்பியா?

பழைய மத்திய அலை றேடியோ ஒன்றைக் கழற்றினால், கடைசி ஐஎஃப் (இடை மீடிறன்) சுருள் இருக்கிற உலோகக் கேனுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் சின்னக் கண்ணாடி டயோட் ஒன்று நிற்கும். ஏஎம் என்பது காவி அலையின் உயரத்தைக் குரலுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்து அனுப்புகிற முறை. அந்தக் காவி அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பது, அதாவது பண்பிறக்குவது, அதுதான். அதோடு ஒரு தடை, ஒரு கொண்டென்சர் சேர்ந்தால் என்வலப் டிடெக்டர் ரெடி. அலையின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போகிற இந்தச் சுற்றுக்குக் காவி அலையின் அவத்தை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) தெரிய வேண்டியதில்லை, மீடிறனும் அச்சொட்டாக இருக்க வேண்டியதில்லை. விலையில் இதை அடிக்க ஒன்றுமில்லை.

அந்த மலிவுக்குக் காசு கட்டுவது ஒலிபரப்பு நிலையம். 100 வீதம் பண்பேற்றினாலும், அதாவது குரலைக் காவி அலையில் முழு அளவுக்கு ஏற்றினாலும், மொத்த வலுவில் மூன்றில் இரண்டு பங்கு காவி அலைக்கே போய்விடும். காவி அலையின் மீடிறனுக்கு மேலும் கீழும் நிற்கிற, செய்தி இருக்கிற இரண்டு பக்கப் பட்டைக்கும் சேர்த்து மிச்ச ஒரு பங்குதான். ஒரு நிலையம், ஆயிரக்கணக்கான பெட்டிகள் என்ற கணக்கில் பார்த்தால் அது நியாயமான செலவு.

டயோட்டில் சிலிக்கன் போடுவதா, ஜெர்மேனியம் போடுவதா என்ற கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம். சிலிக்கன் கடத்தத் தொடங்க 0.6 வோல்ற்று அளவில் வேண்டும், ஜெர்மேனியத்துக்கு 0.2, 0.3 போதும். தூரத்து நிலையத்தின் மெல்லிய சிக்னல் சிலிக்கனில் அப்படியே அமுங்கிப்போகும்.

கட்டிப் பார்ப்பவர்களைக் கவிழ்ப்பது தடையையும் கொண்டென்சரையும் பெருக்கி வருகிற நேர மாறிலி, அதாவது கொண்டென்சர் வடிய எடுக்கிற நேரத்தின் அளவு. ஐஎஃப் 455 கிலோஹேட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 2.2 மைக்றோ செக்கன். மாறிலி அதைவிட நன்றாகக் கூட இருக்க வேண்டும். மேல் எல்லையைக் குரல் தீர்மானிக்கும். 4.5 கிலோஹேட்ஸ் ஒலி, 80 வீதப் பண்பேற்றம் என்று வைத்தால் அந்த எல்லை கிட்டத்தட்ட 26 மைக்றோ செக்கன். 10 கிலோஓம் தடையோடு 222 என்று அடித்த (2.2 நானோ ஃபரட்) கொண்டென்சர் போட்டால் 22 வரும், சரி. கைக்கு அகப்பட்டது என்று 103ஐ (10 நானோ ஃபரட்) போட்டால் 100க்கு ஏறிவிடும். அலைகாட்டியில் பாருங்கள்: குரல் அலை பள்ளத்துக்குள் இறங்காமல் சரிவாக வெட்டுப்பட்டுப் போகும். காதுக்கு அது கரகரப்பு.

இரவில்தான் டயோட்டின் பெரிய பலவீனம் தெரியும். பொழுது பட்டபின் 936 கிலோஹேட்ஸில் திருச்சியைப் பிடிக்க முயன்றவருக்கு அது பழக்கம்: சத்தம் இறங்குவதோடு நிற்காது, குரலே நெளிந்து உடையும். அயன மண்டலத்தில் பட்டு வெவ்வேறு பாதையில் வந்த அலைகள் ஒன்றையொன்று வெட்டும்போது சில கணங்களுக்குக் காவி அலை மட்டும் மெலிந்துவிடுகிறது. மேல் விளிம்பு பிசகினால் அதை நம்பியிருக்கிற டயோட்டும் பிசகத்தான் செய்யும்.

சிங்க்ரனஸ் டிடெக்டர் காவி அலையைப் பெட்டிக்குள்ளேயே மீட்டெடுத்து, வந்த சிக்னலோடு பெருக்குகிறது. காவி அலை நலிந்த நேரத்திலும் குரல் குலையாது. சோனி 7600ஜிஆர் போன்ற பெட்டிகளில் மேல் பட்டையா கீழ்ப் பட்டையா என்று தெரிவுசெய்யவும் முடியும். 9 கிலோஹேட்ஸ் தள்ளி இன்னொரு நிலையம் இரைந்தால் அந்தப் பக்கத்தைக் கைவிடலாம். பாடப்புத்தகங்கள் இதைக் காவி அலையை அடக்கி அனுப்பும் முறைக்கு மட்டும் உரியதுபோலக் காட்டுகின்றன. சாதாரண ஏஎம்முக்கே இது தரும் பலன் பெரிது என்பது என் கட்சி. மீட்டெடுத்த காவி அலையின் அவத்தை வந்த அலையோடு பூட்டுப்படாவிட்டால்தான் வில்லங்கம்: 60 பாகை பிசகினால் பாதி, 90 பாகை பிசகினால் சத்தமே இல்லை.

வாழைச்சேனையிலிருந்து பல நாள் கடலுக்குப் போகிற படகுக்கு இந்த வாதமே தேவையில்லை, எஸ்எஸ்பிதான்: காவி அலையையும் ஒரு பக்கப் பட்டையையும் விட்டுவிட்டு மற்றப் பட்டையை மட்டும் அனுப்புகிற முறை. உச்ச வலு 100 வாற்று உள்ள செற் ஒன்றை ஏஎம்மில் ஓட்டினால் காவி அலைக்கு 25, பக்கப் பட்டை இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் 12.5 வாற்று. எஸ்எஸ்பியில் அந்த உச்சம் முழுவதும் ஒரே பட்டையில் பேச்சாகப் போகும், அலைவரிசையில் பாதி இடமும் மிச்சம். பற்றரியில் ஓடுகிற படகில் இது சின்ன விசயமில்லை. குறை என்னவென்றால் சிக்னலைப் பெறுகிற பெட்டியே காவி அலையை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அது நூறு ஹேட்ஸ் விலகினால் பேசுகிறவர் கீச்சிடுவார், அல்லது தொண்டை கட்டினவர்போல் கதைப்பார். மீடிறனை நுணுக்கமாகச் சரிசெய்கிற கிளாரிஃபயர் குமிழைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். பேச்சு விளங்கும், பாட்டுக் கேட்கேலாது.

மட்டக்களப்பில் இறங்குகிற விமானம் இன்றும் 118 முதல் 137 மெகாஹேட்ஸுக்குள் ஏஎம்மில்தான் பேசுகிறது. ஒரு காரணம்: இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஏஎம்மில் கீச்சொலி கேட்டு விசயம் வெளிக்கும். எஃப்எம்மில் பலமானவர் மற்றவரை மூடிவிடுவார்.

ஒலுவிலில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு: ஒரே பலகையில் டயோட் ஒன்றையும் இரண்டு சிக்னலை ஒன்றோடொன்று பெருக்குகிற எம்சி1496 சிப் ஒன்றையும் வைத்து, நடுவில் சுவிட்ச் போடுங்கள். உண்மையான பெருக்கியால் பண்பேற்றிய சிக்னலைக் கொடுத்து, பண்பேற்றச் சுட்டியை 1ஐ, அதாவது 100 வீதத்தை, தாண்டவிடுங்கள். பெருக்கிக்குக் காவி அலையை ஜெனரேற்றரிலிருந்தே நேராகக் கொடுத்தால் அந்தப் பக்கம் சைன் அலை குலையாமல் வரும். டயோட் பக்கம் அதன் அடிப்பகுதி மேலே மடிந்து நிற்கும்.