பத்மினி பம்பர் கோணலா? கழற்றிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்

எங்கள் வீட்டில் 1986 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். பழைய கார் வைத்திருக்கும் வேறு யாரும் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன் பம்பர் கோணலாகிவிட்டால், கோணல் பம்பரில்தான் இருக்கிறது என்று யார் சொன்னாலும் உடனே நம்பாதீர்கள்.

வடபழனியில் ஓரமாக நிறுத்தியிருந்தபோது ஒரு ஷேர் ஆட்டோ ரிவர்ஸ் எடுத்து இடது மூலையில் இடித்தது. லைட் உடையவில்லை, பெயின்ட்கூடப் போகவில்லை. ஆனால் இடது பக்கம் பம்பருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைந்தது. வலது பக்கம் உள்ளங்கையே போனது. இடது முனை கொஞ்சம் தொங்கவும் செய்தது.

சென்னைப் புறநகரில் ஒரு ஒர்க்‌ஷாப். விண்டேஜ் வண்டிகளுக்கென்றே நடத்துவதாகப் பெரிய போர்டு, வாசலில் பளபளவென்று நாலு கார்கள். அதைப் பார்த்துத்தான் போனேன். முதலாளி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பம்பர் முறுக்கிடுச்சு சார். பிளேட்டிங்குக்கு அனுப்பி, ஹீட் பண்ணி நிமித்தி, குரோம் ஏத்திக் கொண்டாந்துடலாம். எட்டாயிரம் ஆவும், மூணு நாள்" என்றார். ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன்.

மூன்று நாள் ஆறு வாரமானது. எப்போது கேட்டாலும் "பிளேட்டிங்ல இருக்கு சார்" என்ற ஒரே பதில்தான். கடைசியில் 23,500 ரூபாய் என்று ஒரு துண்டுச் சீட்டு. "பாடி லைனே போயிருந்துச்சு, வெல்டிங் வேலை நிறைய" என்றார்கள். முறையான பில் கேட்டதற்கு அப்புறம் அனுப்புகிறேன் என்றார்கள். மீதிப் பணம் கொடுத்தால்தான் சாவி. கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தேன். முன்னால் நின்று பார்த்தால் நேராக, கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னியது. அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கழுவும்போது பம்பருக்குப் பின்னால் துணியை விட்டுத் துடைத்தேன். அப்பா அந்த உட்புறத்துக்குத் துருப்பிடிக்காமலிருக்கத் தன் கையாலேயே ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்திருந்தார். இடது ஓரத்தில் பிரஷ் முடி ஒன்று பெயின்ட்டோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். சின்ன வயதில் அதை நகத்தால் சுரண்டித் திட்டு வாங்கியிருக்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். உட்புறம் முழுக்கச் சில்வர் பெயின்ட். சரி, பிளேட்டிங்குக்கு முன்னால் சுரண்டியிருப்பார்கள் என்று நினைத்து, கட்டைவிரலால் நடுவில் அழுத்தினேன். தகடு டப்பென்று உள்ளே போய்த் திரும்பியது. பழைய பம்பரில் நான் ஏறி நின்று விளையாடியிருக்கிறேன், அது அசையாது. எங்கள் பம்பரை எடுத்துக்கொண்டு மெல்லிய தகட்டில் செய்த ஒன்றை மாட்டிவிட்டார்கள்.

இரண்டு வாரத்தில், நாலு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியதும் இடது முனை மறுபடி தொங்கியது. அதற்குப் பிறகுதான் புதுப்பேட்டையில் ஒரு வயதான டிங்கர் பாயிடம் போனேன். அவர் முதலில் நாலு டயருக்கும் காற்றுப் பார்த்தார். பிறகு சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, தரையிலிருந்து இரண்டு பக்க மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தார். "ஸ்பிரிங் ஒரு பக்கம் உக்காந்திருந்தா வண்டியே சாயும் தம்பி. பம்பர் மேல பழி போடக்கூடாது" என்றார். இரண்டு பக்கமும் அளவு ஒன்றாக இருந்தது. சாக்கை விரித்துக் கீழே படுத்தவர், என்னையும் படுத்துப் பார்க்கச் சொன்னார்.

பம்பரைப் பாடியோடு பிடித்திருக்கும் இடது பிராக்கெட்டில் வட்டமாக இருக்க வேண்டிய போல்ட் ஓட்டையை கேஸ் கட்டர் வைத்து நீளமாக, புளியங்கொட்டை மாதிரி அறுத்திருந்தார்கள். மேலே பெரிய வாஷர் போட்டு மறைத்திருந்தார்கள். பிராக்கெட் வளைந்தது வளைந்தபடியே இருந்தது. வலது பக்கத்தில் இன்னும் மோசம்: போல்ட்டே இல்லை, பிராக்கெட்டை அப்படியே பாடியோடு சேர்த்து வெல்டு வைத்து, மேலே கருப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

பத்மினிக்கு லாரி மாதிரி தனி சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியேதான் சேஸி. முன்னால் நீளும் அந்தப் பெட்டி போன்ற பகுதியில் வெல்டு வைத்தால் உட்புறப் பெயின்ட் எரிந்துவிடும். துரு உள்ளேயிருந்து தின்ன ஆரம்பிக்கும், நமக்குத் தெரியாது. அறுத்த ஓட்டையில் போல்ட் எவ்வளவு முறுக்கினாலும் குலுங்கக் குலுங்க நழுவும். மூலையில் இடி விழுந்தால் அந்தப் பக்கம் உள்ளே போகும், எதிர்ப் பக்கம் வெளியே துருத்தும். பெரும்பாலும் வளைவது பிராக்கெட். அதைக் கழற்றி, நல்ல பக்கத்து பிராக்கெட்டோடு ஒப்பிட்டு நிமிர்த்தி, எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றி, இரண்டு பக்க இடைவெளியும் சரிபார்த்த பிறகு இறுக்க வேண்டும். நூலிழை வித்தியாசம் மிஞ்சினால் வாஷர் போதும். பாய் இதைத்தான் செய்தார். வெல்டை அரைத்தெடுத்து, அறுத்த ஓட்டையை அடைத்துப் புதிதாகத் துளை போட்டதும் சேர்த்து 2,800 ரூபாய், ஒன்றரை நாள்.

குரோமும் ஏமாற்றுதான். முறையாகச் செய்தால் செம்பு, நிக்கல், அதற்கு மேல்தான் குரோம். துருவைத் தடுப்பது அடியில் இருக்கும் நிக்கல். எனக்கு மாட்டியதில் முதல் மழைக்கே ஊசிமுனை ஊசிமுனையாகப் பழுப்புப் புள்ளிகள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். "அது உங்க பம்பர்தான் சார்" என்று ஒரு தடவை சொன்னார். அதோடு எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் என் கையில் ஜிபே ரசீதும் அந்தத் துண்டுச் சீட்டும் மட்டும்தான். வண்டியை விடுவதற்கு முன் பம்பரின் உட்புறத்தைப் போட்டோ எடுத்திருந்தால், மறைவாக ஓர் அடையாளம் வைத்திருந்தால், என் பக்கம் இன்னும் பலமாக இருந்திருக்கும். நீங்கள் அதைச் செய்துவிடுங்கள். கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

இன்னொரு உதவி. யாராவது பத்மினிக்கு ஒரிஜினல் முன் பம்பர் என்று உங்களிடம் விற்க வந்தால், உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ரெட் ஆக்சைடு பூச்சும், இடது ஓரத்தில் பெயின்ட்டுக்குள் ஒரு பிரஷ் முடியும் இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.