ரிச்சி தெருவில் “பிரிட்ஜ் மோட் ஓகே” என்றால் நம்பாதீங்க, 1,850 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் பழைய நெட்வொர்க் சாமான் விற்கிற கடை. பெயர் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் ஏடிஎஸ்எல் (டெலிபோன் லைன் வழி இன்டர்நெட்) மோடம், 1,850 ரூபாய். தேவை ஒன்றுதான்: மோடம் வெறும் பிரிட்ஜாக, அதாவது டேட்டாவை அப்படியே கடத்திவிடுகிற பாலமாக நிற்கணும், பிபிபிஓஇ டயல் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணைவது), நாட் (ஒரே இணைப்பை வீட்டுக் கருவிகளுக்குப் பகிர்வது), ஃபயர்வால் எல்லாம் என் லினக்ஸ் பெட்டி, அதாவது ரூட்டராக ஓடும் கம்ப்யூட்டர், பார்த்துக்கொள்ளும்.

கடைக்காரர் லேப்டாப்பில் மோடத்தின் செட்டிங் பக்கமான 192.168.1.1-ஐத் திறந்தார். கனெக்‌ஷன் டைப்பில் பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்து சேவ் அழுத்தினார். பக்கத்திலும் பிரிட்ஜ் என்றே காட்டியது. “எந்த கம்பெனி லைனா இருந்தாலும் ஓடும் சார், நான் கேரண்டி.” இதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். பவரை அணைத்துத் திரும்பப் போட்டு மட்டும் காட்டவில்லை. சூதே அங்கேதான்.

உள்ளே இருப்பது வேறொரு நிறுவனம் பூட்டி வைத்த ஃபர்ம்வேர் (மோடத்தின் உள் மென்பொருள்). சாதாரண லாகினில் செய்யும் மாற்றம் தற்காலிக மெமரியோடு சரி, நிரந்தரமாகச் சேமிக்கும் ஃப்ளாஷில் ஏறாது. கரண்ட் ஒருமுறை போய் வந்தால் போதும், விபிஐ/விசிஐ (லைனில் எந்தத் தடத்தில் போகணும் என்று சொல்லும் எண்கள்) பழையபடி 1/32, மோடும் பழையபடி பிபிபிஓஇ. நம்ம பி.எஸ்.என்.எல். லைனுக்கு வேண்டியது 0/35. டிஎஸ்எல் விளக்கு மட்டும் பச்சையாகவே நிற்கும். எக்ஸ்சேஞ்சோடு சிங்க் ஆவதற்கும் விபிஐ/விசிஐக்கும் சம்பந்தமில்லை. லினக்ஸ் பெட்டியில் மோடம் செருகிய ஈத்1 போர்ட்டில் டிசிபிடம்ப் (போய் வரும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) ஓடவிட்டால் பிஏடிஐ (சர்வரைத் தேடும் அழைப்பு) போய்க்கொண்டே இருக்கிறது, பிஏடிஓ (அதற்குச் சர்வரின் பதில்) ஒன்றுகூடத் திரும்பவில்லை. 0/35, பிரிட்ஜ் என்று கையால் திரும்பப் போட்டதும் உடனே பிஏடிஓ வருகிறது, பிபிபி0 (லினக்ஸில் இன்டர்நெட் இணைப்பு) எழுகிறது. அடுத்த பவர் கட் வரைக்கும்.

இதைச் சொன்னால் கடையில், “லைன் ஃபால்ட் சார்.” அப்புறம், “லினக்ஸா? விண்டோஸ் போட்டுப் பாருங்க.” மோடத்துக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. வருகிற ஈதர்நெட் ஃபிரேமை ஏடிஎம் செல் என்னும் சிறு துண்டுகளாக நறுக்கி அனுப்புவதுதான் பிரிட்ஜின் வேலையே! பக்கத்து வீட்டு மோடம் இதே லைனில், இதே லினக்ஸ் பெட்டியோடு பிரிட்ஜில் ஒழுங்காக ஓடுகிறது, அதையும் சொல்லியாச்சு. “ஓனர் ஊர்ல இல்ல.” பிறகு போனே எடுப்பதில்லை. பில்லில் “கம்ப்யூட்டர் ஆக்சசரீஸ் 1,850” என்று மட்டும். மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. அதைக் காட்டியே “இது எங்க மோடம்தானா?” என்று கேட்கிறார்கள். 1,850 ரூபாயை வாங்கிக்கொண்டு இந்தக் கேள்வி வேறு.

முழு செட்டப்பும் எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். கடையிலேயே சேவ் செய்து, அடாப்டரைப் பிடுங்கிச் செருகி, செட்டிங் நிற்கிறதா பாருங்க. வேறு நிறுவன லோகோ இருந்தால் எல்லா செட்டிங்கையும் மாற்றவிடும் சூப்பர் அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் தொடாதீங்க. வீட்டு லேனுக்கு (உள் நெட்வொர்க்குக்கு) மோடத்தின் 192.168.1 வரிசை வேண்டாம், ஈத்1-க்கு 192.168.1.2 கொடுத்தால் பிரிட்ஜில் இருக்கும்போதும் மோடம் பக்கம் திறக்கும். எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492, எம்எஸ்எஸ் (அதில் டேட்டாவின் உச்ச அளவு) 1452 என்று வையுங்க, இல்லையென்றால் சில தளங்கள் பாதியில் தொங்கும். பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதச் சொல்லி வாங்குங்க. ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. என் புகார் இன்றைக்கே போகிறது.